நம் பிள்ளைகளைப் பற்றி எழுதி வைப்பதெல்லாம் எங்கே போகிறது?

பிள்ளைகளின் உடல்நலத் தகவல் யாரிடம் இருக்கிறது, யாரெல்லாம் பார்க்கலாம், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே பக்கத்தில், பெற்றோருக்குப் புரிகிற மொழியில் பதில் தரவேண்டும். தமிழ் படிக்கும் குடும்பத்துக்குத் தமிழில். அதைக் கேட்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தகவல் சேகரிப்பதை நான் எதிர்க்கவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் தடுப்பூசி இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயம். போட்ட ஊசி தேசிய தடுப்பூசிப் பதிவகத்தில் ஏறுகிறது. அதனால்தான் பாலர் பள்ளியில் நம் பிள்ளை பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்காரும்போது நமக்குப் பயமில்லை. தொடக்கநிலை 1இல் கண் பார்வை சோதிக்கிறார்கள், உயரம் எடை பார்க்கிறார்கள். தொடக்கநிலை 5இல் மறுபடி ஊசி. 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் பள்ளியிலேயே கிடைக்கிறது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் சேகரிக்கும் தகவலின் அளவு மாறிக்கொண்டே வருகிறது. என் தலைமுறைக்கு ஹெல்த் புக்லெட் ஒன்றுதான். அம்மா அதை இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். உள்ளே எடை வளைகோடு, மருந்தகத்தின் (கிளினிக்) முத்திரை, ஊசி போட்ட தேதி, ஒரு பக்கத்தில் தாதி பென்சிலால் எழுதிய குறிப்பு. அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் பார்த்தார்கள் என்று அம்மாவுக்கு எப்போதும் தெரியும். ஏனென்றால் அவர்தான் கையில் எடுத்துப்போவார்.

இப்போது 2025 ஜனவரியில் 'குரோ வெல் எஸ்ஜி' திட்டம் தொடங்கியது. தொடக்கநிலை 1 முதல் 3 வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி உடல்நலப் பரிசோதனையோடு சேர்த்து, தனித்தனியாக ஆரோக்கியத் திட்டம் தருகிறார்கள். நல்ல திட்டம். அதற்குப் பிள்ளை எவ்வளவு நேரம் தூங்குகிறது, எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறது, என்ன சாப்பிடுகிறது என்றெல்லாம் தெரியவேண்டும். இவை உடம்பைப் பற்றிய தகவல் மட்டுமல்ல, வீட்டைப் பற்றிய தகவல். இரண்டு வேலை பார்க்கும் அப்பா, இரவு நேர வேலைக்குப் போகும் அம்மா, பிள்ளை பாட்டியோடு பத்து மணி வரை தொலைக்காட்சி பார்க்கிறது என்றால் அதுவும் அந்தப் பதிலில் வந்துவிடும். இப்படிப்பட்ட கேள்விக்கு உண்மையான பதில் வேண்டுமென்றால், அந்தப் பதில் எங்கே போகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் 'ஒன்பது மணிக்குத் தூக்கம், தினமும் காய்கறி' என்றுதான் எழுதுவார்கள். அந்தத் தகவலை வைத்து யாருக்கு என்ன திட்டம் போட முடியும்?

இந்த யோசனை எனக்கு வந்தது லண்டனில் இருக்கும் என் சித்தி மகளால். அவளுக்குப் போன வருடம் குழந்தை பிறந்தது. நமக்குக் கவுன்சில் என்றால் டவுன் கவுன்சில்தான் நினைவுக்கு வரும்: மின்தூக்கி, குப்பை, புளோக்கின் கீழ்த்தளத்து விளக்கு. இங்கிலாந்தில் அப்படியில்லை. 2015 அக்டோபரிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொதுச் சுகாதாரச் சேவையும் உள்ளூர்க் கவுன்சிலின் பொறுப்பு. ஹெல்த் விசிட்டர் என்ற தாதி பிரசவத்துக்கு முன்பு, குழந்தை பிறந்த புதிதில், ஆறு முதல் எட்டு வாரத்தில், ஒரு வயதில், இரண்டு அல்லது இரண்டரை வயதில் என்று வந்து பார்க்க வேண்டும். தாயின் மனநிலை எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூடப் பதிவாகும்.

அந்தச் சேவை தகவலை எப்படிக் கையாளும் என்ற விளக்கத்தை அவள் எனக்கு அனுப்பினாள். "அக்கா, இதைப் படிச்சுப் பாருங்க, அங்க இப்படித் தருவாங்களா?" என்று ஒரு வரி. படித்தேன். என்னென்ன சேகரிக்கிறோம், எந்தச் சட்டப்படி, குடும்ப மருத்துவர், பள்ளி, தேவைப்பட்டால் சமூகநலப் பிரிவு என்று யாருக்கெல்லாம் கொடுப்போம் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளின் பதிவைப் பொதுவாக 25ஆவது பிறந்தநாள் வரை வைத்திருப்போம், பிரதி கேட்டால் ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், திருப்தி இல்லையென்றால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் முறையிடலாம் என்றும் இருந்தது. தகவல் பாதுகாப்பு அதிகாரியின் முகவரியும் கீழே இருந்தது.

அதில் அவளுக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. பெரும்பாலான விஷயத்துக்கு உன் சம்மதம் தேவையில்லை, பொதுப்பணி என்ற அடிப்படையில் சட்டம் எங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று அந்த விளக்கமே சொல்கிறது. "அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்கு அந்த இடம்தான் பிடித்தது. சம்மதம் கேட்கத் தேவையில்லாத இடத்திலும் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு தாய்க்கு, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையாவது வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தாதிகள் போதவில்லை என்று அங்கே பல வருடமாகப் பேசுகிறார்கள். ஆனால் இந்த ஒரு பழக்கம் நமக்கு வேண்டும்.

இங்கே நிலைமை என்ன? நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. தகவல் சேகரிக்கும்போது எதற்காக என்று சொல்லவேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. தனியார் மருந்தகத்துக்கும் தனியார் பாலர் பள்ளிக்கும் அது பொருந்தும். அரசாங்க அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு 2018இல் வந்த பொதுத்துறை ஆளுமைச் சட்டமும் அரசாங்கத்தின் உள்விதிகளும் இருக்கின்றன. அனுமதியின்றித் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம். கடுமையான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது அதிகாரியை நோக்கிப் பேசும் விதி. தொடக்கநிலை 1 பிள்ளையின் அம்மாவை நோக்கி அது பேசுவதில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகவல் போய்விடக்கூடும் என்பதை 2018இல் நாம் எல்லோரும் பார்த்தோம். சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிக்குள் புகுந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த தேதியை எடுத்துப் போனார்கள். அவர்களில் சுமார் 1,60,000 பேருக்குக் கொடுத்த மருந்து விவரமும் போனது. நம் பிள்ளைகளைக் காட்டும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். அடுத்த வருடம் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அதன் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தார்கள். பெரியவர்களான நாம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் யாரால் மாற்ற முடியும்? அது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

ஆனால் கணினித் திருட்டைவிட எனக்கு அதிகக் கவலை வேறொன்று. நம் சமூகத்தில் ஓடும் வதந்தி.

பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளையைச் சோதனைக்குக் கூட்டிப்போகச் சொன்னால், நம் வீடுகளில் முதலில் வரும் பதில் என்ன? "எழுதிவைத்துவிட்டால் பிறகு அழியாது." அதற்குப் பின்னால் ஒரு வரிசையே வரும்: தொடக்கநிலை 1 சேர்க்கையில் சிக்கல் வரும், தேசிய சேவையில் வரும், காப்புறுதி கிடைக்காது, வேலைக்குப் போகும்போது பார்ப்பார்கள். இதைச் சொல்வது படிக்காதவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். கோவிலில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப் குழுவில் பட்டதாரிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேச்சுப் பயிற்சியைச் சின்ன வயதில் தொடங்குவது எவ்வளவு முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 'பதிவு' என்ற பயத்தில் ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். அந்த இழப்பு முழுக்கப் பிள்ளைக்குத்தான்.

இந்தப் பயத்தில் ஒரு பகுதிக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2026 ஜனவரியில் நாடாளுமன்றம் சுகாதாரத் தகவல் மசோதாவை நிறைவேற்றியது. 2011இல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவுக்கு இனி தனியார் மருந்தகங்களும் மருத்துவமனைகளும் முக்கியத் தகவலை அனுப்பியாகவேண்டும். ஒவ்வாமை, ஊசி, மருந்து, பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே இடத்தில் சேரும். அதே சட்டத்தில், காப்புறுதி விண்ணப்பத்தை மதிப்பிடவோ வேலைக்கு ஆள் எடுக்கவோ அந்தப் பதிவைத் திறந்து பார்க்கக் கூடாது என்ற தடையும் இருக்கிறது. வேண்டுமானால் நம் பதிவை மருத்துவர்கள் பார்க்கமுடியாதபடி கட்டுப்பாடு போட்டுக்கொள்ளலாம். அப்போதும் தகவல் பதிவில் சேரும், உயிர் போகும் அவசரத்தில் மருத்துவர் திறக்கலாம்.

இந்தக் கடைசி நான்கு வரி, பலதுறை மருந்தகத்தின் காத்திருப்புக் கூடத்தில் பேரப்பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கையில் தமிழில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தடுப்பூசி பற்றிய துண்டுப்பிரசுரம் நான்கு மொழியிலும் கிடைக்கிறது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதும் தமிழில் இருக்கிறது. தகவலைப் பற்றிய விளக்கம் மட்டும், நான் பார்த்தவரை, இணையப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் 'பங்காளர் அமைப்புகளுடன் பகிரப்படலாம்' என்ற மாதிரி வரிகள். எந்த அமைப்பு? எதற்கு? சட்டம் படித்தவர்களே இரண்டு முறை படிக்கவேண்டிய வாக்கியங்கள்.

பெரிய அமைப்புகளைப் பற்றியே பேசிவிட்டேன். நம் கண்முன் நடப்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பேட்டையில் ஒரு பாலர் பள்ளியில், ஒரு பையனுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்தது. ஆசிரியை நல்ல எண்ணத்தில்தான், வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரோடு செய்தி போட்டுவிட்டார். சுமார் இருபது குடும்பம் உள்ள குழு. அன்று மாலையே விளையாட்டு மைதானத்தில் ஒரு அம்மா அவனுடைய அக்காவைப் பார்த்து, "உன் தம்பிக்குத்தானே?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. ஊஞ்சலிலிருந்து இறங்கி, ஒன்றும் பேசாமல் மின்தூக்கிப் பக்கம் போய்விட்டாள். தம்பிக்குக் கொப்புளம் ஆறி அவன் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வீடுகள் அவனைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. அவன் அம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

'உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருக்கிறது, கை, வாயில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்' என்று எழுதியிருந்தால் போதும். தொற்று பரவாமல் தடுக்கத் தேவையான எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பெயர் தேவையே இல்லை. அந்த ஆசிரியைமேல் எனக்குக் கோபமில்லை. எதை யாருக்குச் சொல்லலாம் என்று அவருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்களா? தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 மார்ச்சில் பிள்ளைகளின் தகவலுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் அது இணையத்தில் பிள்ளைகள் பயன்படுத்தும் சேவைகளுக்கானது. பாலர் பள்ளி ஆசிரியை காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் செய்திக்கும் எளிமையான வழிகாட்டுதல் வேண்டும்.

நாமும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளையின் மருந்துச் சீட்டைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, 'யாராவது இந்த மருந்து கொடுத்திருக்கிறீர்களா?' என்று கேட்கிறோம். மருந்தின் பெயருக்கு மேலே பிள்ளையின் முழுப்பெயர் இருக்கிறது. கேட்பது தப்பில்லை, பெயரை மறைத்துவிட்டுக் கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தமல்ல. சுகாதார அமைச்சும் சுகாதார மேம்பாட்டு வாரியமும் கல்வி அமைச்சும் சேர்ந்து ஒரு பக்கம் தயாரிக்கட்டும். குழந்தை பிறந்ததும் மருத்துவமனையில் ஒரு முறை, பாலர் பள்ளியில் சேரும்போது ஒரு முறை, தொடக்கநிலை 1இல் ஒரு முறை கொடுக்கட்டும். நான்கு மொழியிலும் இருக்கட்டும். என்ன சேகரிக்கிறோம், யார் பார்ப்பார்கள், யார் பார்க்கக் கூடாது, எவ்வளவு காலம் இருக்கும், தவறாக எழுதியிருந்தால் யாரிடம் திருத்தச் சொல்வது, ஒரு தொலைபேசி எண். 'யார் பார்க்கக் கூடாது' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நம் வீடுகளில் பயம் அங்கேதான் இருக்கிறது.

இதை எழுதி எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எடுத்துப்போகிறேன். அதற்கு முன் உங்கள் உதவி வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்தோ மருந்தகத்திலிருந்தோ தகவல் பாதுகாப்பு பற்றித் தமிழில் ஏதாவது விளக்கம் வந்திருந்தால், பிள்ளையின் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வரவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள், பிள்ளை எந்த வகுப்பு என்பது மட்டும் போதும்.