‘ஹேவ்’ இருந்தால் மட்டும் போதாது
ஸ்பானிய மொழியிலும் ‘அபேர்’ என்ற துணைவினையோடு அமையும் முற்றுக்காலம் இருப்பதால், ஆங்கிலத்தின் பிரசன்ட் பெர்ஃபெக்ட் (‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பது போல ‘ஹேவ்’ சேர்ந்து வரும் காலவடிவம்) ஸ்பானியம் பேசுவோருக்கு எளிதில் கைவரும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. வடிவம் ஒத்திருக்கிறதே தவிர, அதைப் பயன்படுத்தும் இடம் ஒத்திருக்கவில்லை. இன்று காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி உண்டதை மாட்ரிட்காரர் ‘எ தேசயுனாதோ அ லாஸ் ஓச்சோ’ என்று அந்த வடிவத்திலேயே இயல்பாகச் சொல்வார், ஆனால் அதையே ‘ஐ ஹேவ் ஹேட் பிரேக்ஃபாஸ்ட் அட் எய்ட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் பிழை, நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே ‘ஐ ஹேட்’ என்ற எளிய இறந்தகாலமே வர வேண்டும். மெக்சிகோவிலோ அவ்விடத்தில் ‘தேசயுனே’ என்ற எளிய இறந்தகாலமே வரும் என்பதால், ஸ்பானியம் பேசுவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியன்று. என்னுடன் பணிபுரிந்த மெக்சிகோ நண்பர் ஒருவர் ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றே பல மாதங்கள் சொல்லிவந்தார் (‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி), ஏனெனில் தொடங்கி இன்றும் தொடரும் செயலை அவர் மொழி ‘பிபோ’ (வசிக்கிறேன்) என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறது. (‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்று நாமும் அப்படியே சொல்வதால், அந்தப் பிழை எனக்கு அந்நியமாகப் படவில்லை.) ‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டின் வேறுபாட்டை மனப்பாடம் செய்தாலே இது தீரும் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் கூறியிருக்கிறார், நண்பர் அதையும் செய்தார், செய்த பிறகு ‘ஐ லிவ் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றார், ‘ஹேவ்’ அப்போதும் வரவில்லை.