தனக்காவைக் கழுவச் சொன்னவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அண்ணன் மகளைப் பெண் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து காணொளி அழைப்பு வரவிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு காலத்தில் எங்களைப் போல இங்கே ரங்கூனில் இருந்தவர்கள்தாம்; 1964இல் கடைகளெல்லாம் அரசுடைமையானபோது கப்பலேறிப் போன குடும்பம். எங்கள் பெண் வழக்கம்போலக் காலையில் குளித்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்கா பூசி, மூக்கின் மேல் ஒரு கோடு இழுத்து, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணி அவளைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "முதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. பர்மாக்காரின்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார். பெண் எழுந்துபோய்க் கழுவினாள். அதற்குப் பதிலாக டால்கம் பவுடரை அப்பிக்கொண்டு வந்தாள். மாநிறத்துக்கும் சற்று அழுத்தமான நிறம் அவளுக்கு. அந்த நிறத்தின் மேல் வெள்ளைப் பவுடர் ஏறியதும் முகம் சாம்பல் பூத்துவிட்டது. அழைப்பு மூன்று முறை அறுந்து நான்காவது முறை ஒட்டியபோது, மறுமுனையில் தெரிந்தது எங்கள் பெண்ணின் முகமே இல்லை.

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்கும் நேரத்தில் அத்தைக்காரி சண்டை போட்டாள் என்ற பேர் எதற்கு என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தில் வெளியூர் உறவுகளும் இருப்பதால் தனக்கா என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு மரத்தின் பட்டை. முழங்கை நீளத்துக்கும் குறைவாக அறுத்த கட்டையாக வாங்கி, க்யாவ்ப்யின் என்று பர்மியர் சொல்லும் வட்டக் கல்லில் நீர் விட்டு, பட்டை கல்லில் படும்படி பிடித்து அரைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கல் என் அம்மாவைப் பெற்ற பாட்டி வாங்கியது. நடுவில் உள்ளங்கை அளவு குழிந்துவிட்டது. ஓரத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் போல வெட்டியிருப்பார்கள். மிஞ்சிய நீர் அதில் வடிந்து நிற்கும். நீரை அதிகம் விட்டால் குழம்பு முகத்தில் நிற்காமல் வழியும், குறைவாக விட்டால் கல் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆறேழு சொட்டு விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். மோரில் சிறிது மஞ்சள் கலந்தாற்போன்ற நிறத்தில் குழம்பு கூடும்போதே, சந்தனத்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் ஒரு வாசம் எழும். பூசிய சிறிது நேரத்தில் காய்ந்து தோலை இலேசாக இழுத்துப் பிடிக்கும். அதன் பிறகு வெளியே சித்திரை வெயில் அடித்தாலும் கன்னத்தில் மட்டும் ஈரத்துணி வைத்த குளிர்ச்சி. விசிறி கிடைக்காத மின்வெட்டு நாள்களில் இதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும்.

"அது பர்மாக்காரர் பூச்சு" என்று சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மரம் எலுமிச்சை, வில்வம், விளா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நரிங்கி கிரெனுலேட்டா என்று தாவர நூலார் அழைக்கும் அதைத் தமிழ்நாட்டில் மகாவில்வம் என்கிறார்கள். அதன் இலையைப் பறித்துச் சிவனுக்கு அருச்சனை செய்கிறார்கள். இங்கே ஷ்வேபோ, ஷின்மாடாங் பக்கத்துக் கட்டைகளுக்குத்தான் மதிப்பு. வறண்ட மண்ணில் மெதுவாக வளர்ந்த மரத்தில்தான் வாசம் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். விளாமரப் பட்டையையும் தனக்கா என்றே விற்பது உண்டு. ஆக, இலையாக இருந்தால் சிவன் தலையில் ஏறுகிறது, பட்டையாக இருந்தால் நம் பெண்ணின் கன்னத்திலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

பழமையைக் கேட்டாலும் குறைவில்லை. பகோ நகரத்து ஷ்வேமோடோ பகோடாவில், 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட பயிந்நாங் மன்னரின் மகளுடையது என்று சொல்லப்படும் ஒரு தனக்காக் கல் இருந்ததாகவும், 1930ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பகோடா இடிந்தபோது அதுவும் சேதமுற்றதாகவும் சொல்வார்கள். அரசகுமாரிக்கும் கல், வயலில் நாற்று நடுபவளுக்கும் கல். வயலில் நடுபவள் முகம் முழுக்கத் தடிமனாகப் பூசுகிறாள், வெயிலுக்காக. பட்டணத்தில் இருப்பவள் கன்னத்தில் இலை வடிவமாகவும் வட்டமாகவும் எழுதிக்கொள்கிறாள், அழகுக்காக. இப்படி எழுதிக்கொள்வது தமிழ்ப் பெண்ணுக்குப் புதிதா என்ன? சந்தனக் குழம்பால் தோளிலும் மார்பிலும் கொடி எழுதிக்கொள்வதைத் தொய்யில் என்று சங்கப் பாடல்கள் பாடுகின்றன. நாம் அதை மறந்தோம். பர்மியப் பெண் தன்னுடையதை மறக்கவில்லை.

அண்ணியின் சொல்லில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. "பர்மாக்காரின்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று சென்னைக்காரர்களை நினைத்துப் பயப்படும் நாமே, இங்கே தெருவில் இறங்கினால் நம் நிறத்தையும் வம்சத்தையும் சுட்டும் அந்த ஒரு பர்மியச் சொல்லைக் கேட்டுக் கூசுகிறோம். பள்ளியில் என்னை அப்படி அழைத்தபோது நான் தனக்காவை இன்னும் தடிமனாகப் பூசிக்கொண்டேன், நிறம் மறையும் என்று. அதாவது ஒரு பக்கத்தாருக்காகப் பூசினோம், இன்னொரு பக்கத்தாருக்காகக் கழுவினோம். இரண்டு முறையும் நமக்காகச் செய்யவில்லை.

வெளுப்பு என்னும் ஆசைக்கு நானே கப்பம் கட்டியவள் என்பதால், இதை மேடையில் நின்று பேசுவதாக நினைக்க வேண்டாம். முப்பது வயதில், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ஒரு கிரீமை வாங்கிப் போட்டேன். டப்பாவின் மேல் வெளுத்த பெண் முகம் ஒன்று இருந்தது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மூன்றாவது வாரம் எல்லோரும் கேட்டார்கள், "என்னக்கா, பளபளன்னு ஆயிட்டீங்க?" என்று. இரண்டாவது மாதம் கன்ன எலும்பின் மேல் தோல் சிவந்து எரியத் தொடங்கியது, நிறுத்தியதும் இருந்ததைவிடக் கறுத்துத் திட்டுத் திட்டாக ஆனது. மருத்துவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம், குப்பையில் போடுங்கள் என்றார். திட்டு மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுக்கிறது, அதனால்தான் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் சேர்ந்த அழகுப் பொருள்களை 2020க்குப் பின் தயாரிக்கவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது என்றது. பிறகு அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட முடிவு செய்தார்கள். ஆனாலும் பெயர் தெரியாத டப்பாக்கள் எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளடக்கம் அச்சிடாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். கலோமல் என்ற சொல்லை அட்டையில் பார்த்தால் அதுவும் பாதரசம்தான். இதற்கும் என் அனுபவத்துக்கும் தொடர்பில்லாத வேறொரு செய்தி: 1975இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் அந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. சொல் டப்பாவிலிருந்து போய்விட்டது. பெண் பார்க்கும் வீட்டிலிருந்து இன்னும் போகவில்லை.

நேர்மையாகச் சொன்னால், தனக்காவும் இந்த ஆசைக்குத் தப்பவில்லை. டப்பாவில் அடைத்த தனக்கா மாவுக்கும் பசைக்கும் வரும் விளம்பரங்களில் வெளுப்புதான் முதல் வாக்குறுதி. வெளுப்புக்காகத் தனக்கா பூசுபவர்களை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் கறுத்த கன்னத்தில்தான் தனக்கா எடுக்கும் என்பதை ஒரு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வெள்ளைத் தரையில் கோலம் போட்டால் யாருக்குத் தெரியும்? சாணம் மெழுகிக் கருத்துக் கிடக்கும் வாசலில்தான் மாக்கோலம் துலங்கும். என் அண்ணன் மகளின் கன்னத்தில் அந்த மஞ்சள் வட்டம் அப்படித்தான் துலங்கியது. சீப்பின் பல்லால் ஈரத்தோடு இழுத்த கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வெளுத்த பெண்கள் அரைத்துப் பூசினாலும் இந்த எடுப்பு வராது.

தலைக்கு வந்தால் வேறுபாடே மறைந்துவிடுகிறது. பர்மியர்கள் தயோ மரப்பட்டையோடு சேர்த்துக் கொதிக்க வைக்கும் கின்பூன் காய் நம்முடைய சீயக்காய்தான்; தேஞ்ஜி ஸே என்று இப்போது அழைக்கப்படும் பழைய சூரத்தி பஜாரில் அதைக் காய்ச்சி, பிளாஸ்டிக் பையில் கட்டியே விற்கிறார்கள். திஞ்ஜான் என்னும் தண்ணீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறக்கும்போது இளையவர்கள் பெரியவர்களுக்கு அதைக் கொண்டு தலை கழுவிவிடுவார்கள். எங்கள் தெருவில் பர்மியப் பாட்டிகளோடு என் மாமியாரும் போய் வரிசையில் உட்கார்ந்துவிடுவார். அதே நாள்களில் முதல் மழை விழுந்ததும் பூக்கும் படாவ் பூவும் நம் இலக்கியத்து வேங்கையின் நெருங்கிய உறவு. ஒரே நாள் இருக்கும் பூ. அதைக் கொண்டையில் வைக்காத பர்மியப் பெண்ணும் இல்லை, வைத்துக்கொள்ளும் தமிழ்ப் பெண்ணைக் குறை சொன்னவரும் இல்லை. பூவை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பட்டைதான் தொண்டையில் சிக்குகிறது.

உடுப்பிலும் நாம் இதைத் தீர்த்துக்கொண்டு நெடுநாளாகிறது. அலுவலகத்துக்கு, இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெய்னும் மேலே போடும் எஞ்சிச் சட்டையும், கோயிலுக்குச் சேலை. யாரும் பேசிவைத்துச் செய்த ஏற்பாடு இல்லை. பேருந்தில் ஏறி இறங்கத் தமெய்ன் வசதி, ஐந்தரை மீட்டர் சேலையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லை என்ற நடைமுறைதான் காரணம். நகையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இங்கே தங்கத்தைக் க்யத்தாவில் நிறுக்கிறார்கள், ஒரு க்யத்தா ஏறக்குறைய 16.3 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்று மேலே. இந்தக் கணக்கை மட்டும் எந்த மாமியாரும் தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இளம்பெண்கள் தனக்காவைக் கிராமத்துப் பழக்கம் என்று ஒதுக்குவதையும் பார்க்கிறேன். கொரிய நாடகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர்கள் மேசையில் ஏழெட்டுப் புட்டிகள். அதில் எனக்கு வருத்தமில்லை. உதட்டுச்சாயம் எனக்கும் பிடிக்கும், செங்கல் நிறம் ஒன்று இருபது வருடமாகக் கைப்பையில் இருக்கிறது. என் வருத்தமெல்லாம், தனக்காவைத் தாங்களாக விட்டவர்களைப் பற்றி அல்ல, ஆசையோடு பூசிக்கொண்டு வந்தவளைக் கழுவச் சொன்னதைப் பற்றி. தொடர்ந்து பூச நினைப்பவர்கள் பசையாக வாங்காமல் கட்டையாக வாங்குங்கள். மாவிலும் பசையிலும் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, கட்டையில் பட்டையை முகர்ந்து பார்த்தே வாங்கலாம். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுங்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

இனி, கோயில். தீமிதிக்கு மஞ்சள் சேலை கட்டி, முகமெல்லாம் மஞ்சள் பூசி வருகிறோம். அர்ச்சகர் தரும் சந்தனத்தைக் கழுத்தில் தடவிக்கொள்கிறோம். அந்தச் சந்தனமும் ஒரு மரத்துண்டைக் கல்லில் நீர் விட்டு அரைத்ததுதான். ஆனால் தனக்காவோடு வந்தவளை மட்டும், "கோயிலுக்கு இப்படியா வர்றது?" என்று தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்கிறார்கள், கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதுப் பெண்கள், என்னோடு ஒன்றாகத் தனக்கா பூசிப் பள்ளிக்குப் போனவர்கள்.

சென்னையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த அழைப்புக்கு அவள் கழுவிக்கொள்ள வேண்டியதில்லை என்று அண்ணனிடம் பேசிவிட்டேன். அண்ணியிடம் அவர் பேசிக்கொள்ளட்டும். வருகிற வெள்ளிக்கிழமை அனோரத்தா சாலைக் காளி கோயிலுக்கு நானும் அவளும் சேலை கட்டி, பொட்டு வைத்து, கன்னத்தில் தனக்காவோடு வருகிறோம். கேட்க நினைப்பவர்கள் இங்கே பின்னூட்டத்தில் எழுதாமல், அங்கே வாசலில் பூ வாங்கும் இடத்தில் என்னிடமே கேட்கலாம்.