புளிச்சோறு கொண்டுபோனால் உங்களுக்கு என்ன?

அந்த வைகை அணை வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய அணை, இரண்டு கரையிலும் பூங்கா, அத்தனை மரம். கேமராவோடு போன தம்பிக்குப் புல்லில் விரிப்பு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம்தான் கண்ணில் பட்டிருக்கிறது. பின்னணியில் காமெடி மியூசிக். "டூர் வந்தாலும் தூக்குவாளியை விடமாட்டாங்க" என்று மேலே எழுத்து வேறு.

விடமாட்டோம் தம்பி. எதற்கு விட வேண்டும்?

அதைவிட எரிச்சல், ஆதரவாகப் பேச வந்தவர்கள். "பாவம், ஹோட்டலில் சாப்பிட வசதி இருக்காது, கிண்டல் செய்யாதீங்க ப்ரோ" என்று ஒருவர். யார் பாவம்? உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்களுக்கு ஹோட்டல் தெரியாதா? காசு இருந்தாலும் நாங்கள் கட்டிக்கொண்டுதான் போவோம். அணைக்குப் போவதே அந்தச் சோற்றை அங்கே உட்கார்ந்து சாப்பிடத்தான்.

எங்கள் வீட்டில் அம்மா முந்தின இரவே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுவார். விடியற்காலையில் சோறு வடித்து, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துக் கிளறுவார். தயிர்ச்சோற்றுக்குத் தயிரே விடமாட்டார். சோற்றைக் குழைத்து, காய்ச்சிய பாலை ஊற்றி, மேலே ஒரே ஒரு கரண்டி மோர். ஆண்டிபட்டி தாண்டி அணைக்குப் போய், வலது கரை இடது கரை இரண்டையும் சுற்றி முடிப்பதற்குள் சரியான பதத்துக்கு வந்திருக்கும். கிளம்பும்போதே தயிர் விட்டால் மதியம் வாயில் வைக்க முடியாது. இதெல்லாம் அந்தத் தம்பிக்கு எங்கே தெரியப்போகிறது.

அப்பா பேப்பரில் தினமும் நீர்மட்டம் பார்க்கிற ஆள். அணையின் உயரம் 111 அடி, தண்ணீர் தேக்குவது 71 அடி, 66 வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். 1959-ல் காமராஜர் திறந்துவைத்ததையும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வந்து இங்கே சேர்வதையும் நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. வாயில் உருளைக்கிழங்கு வறுவலோடு அந்தப் புல்லில் உட்கார்ந்து கேட்டதுதான். ஒருமுறை தண்ணீர் திறந்திருந்ததால் இரண்டு பூங்காவையும் இணைக்கிற சின்னப் பாலத்தில் யாரையும் விடவில்லை. அக்கரைக்குப் போக முடியாமல் என் தம்பி அழுத அழுகை! இக்கரையிலேயே இலையைப் போட்டுச் சாப்பிட்டோம். வீட்டில் இன்றைக்கும் பேச்சு வருவது அந்த நாளைப் பற்றித்தான்.

இப்போது வருவீர்கள், "அக்கா, குப்பை போடுறாங்களே" என்று. சரி, போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எச்சில் இலையை அப்படியே விட்டுப் போகிறவர்களோடு நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். எவர்சில்வர் தட்டு, எவர்சில்வர் டம்ளர். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியில் வந்தது. இன்றைக்கும் புல்லில் பறப்பது சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும்தான். அவை எந்த வீட்டு அடுப்படியிலிருந்து வந்தன? தூக்குவாளியை யாராவது பூங்காவில் வீசிவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அது கல்யாணச் சீரில் வந்தது. தொலைந்தால் வீட்டில் கலவரம்.

"பொது இடத்தில் வீடியோ எடுக்க உரிமை இருக்கு" என்பவர்களுக்கு: இருக்கட்டும். அதே பொது இடத்தில் சோறு தின்னவும் உரிமை இருக்கிறது.

அந்த அக்காவைக் கவனித்தீர்களா? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, குழந்தை கேட்ட அப்பளத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருகிறார். முதல் கவளம். அந்த நேரம் பார்த்துத்தான் கேமரா கிட்டே போகிறது. அவர் முந்தானையை இழுத்து வாயை மறைக்கிறார். அங்கேதான் ஜூம். வருஷத்தில் ஒரு நாள் வெளியே வந்திருப்பார். அவர் முகத்தை மறைத்துப் போட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்படி வெளியே வருகிற பெண்களைப் பற்றி வீடியோ போட உங்களுக்கு விஷயமா இல்லை? வேறொரு அணைப் பூங்காவில், பெயர் வேண்டாம், கழிப்பறை பூட்டிக் கிடந்ததால் என் சித்தி மதியம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கு மியூசிக் போடுங்களேன்.

அந்தத் தம்பியைக்கூட விட்டுவிடலாம். வ்யூஸ் வேண்டும், செய்கிறார். கீழே சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் கல்லூரித் தோழி ஒருத்தியும் இருக்கிறாள். ஹாஸ்டலுக்கு எங்கள் வீட்டுப் புளிச்சோறு வந்தால் முதல் ஆளாகத் தட்டை நீட்டியவள். அம்மா அவளுக்கென்றே தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்புவார். அவளுக்கு ஃபோன் செய்து கேட்கலாம்தான். கேட்டால் "ஏய், சும்மா ஃபன்னுக்குடி" என்பாள். இந்தப் பதிவையும் படிப்பாள். தெரிந்துதான் எழுதுகிறேன்.