பத்துப் புத்தகம் சொல்லுங்களேன்

ஜனவரி பிறந்து நந்தனத்தில் புத்தகக் காட்சிப் பந்தல் எழும்பினால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "வீட்டில் சின்னதா ஒரு லைப்ரரி வைக்கிறோம், உங்களுக்குப் பிடித்ததில் பத்து சொல்லுங்களேன்." நானும் மடையன் மாதிரி இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதி, அடித்து, மறுபடி எழுதி அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை. அப்புறம், "பிடிஎஃப் இருக்கா?" லைப்ரரிக்கு எதற்கய்யா பிடிஎஃப்? ஷோகேஸில் பென் டிரைவை வைத்துப் பொட்டு வைக்கவா?

போன வாரம் பெரியம்மா மகன் ஒருபடி மேலே போய்விட்டான். அலமாரி தேக்காம், உள்ளே எல்இடி விளக்காம், அதனால் அட்டையெல்லாம் ஒரே கலரில் வருகிற மாதிரி சொல்ல வேண்டுமாம். நான் புத்தகம் சொல்கிறேனா, மேட்சிங் பிளவுஸ் எடுத்துக் கொடுக்கிறேனா? கடைசியில் என் பட்டியலில் ஒன்றைக்கூட வாங்கவில்லை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி, பத்து சதவீதத் தள்ளுபடியைப் பெருமையாகச் சொல்கிறான். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தூசி படியுமாம்!

என் பட்டியலில் இருந்ததையா? "அதெல்லாம் உன்கிட்டயே இருக்குமே அண்ணா" என்று என் அலமாரியிலிருந்தே நாலைத் தூக்கிக்கொண்டு போனான்.