மாமாவின்ர லாண்ட்மாஸ்டரும் தமிழில தராத துண்டும்

பதினொரு மாசம் மாமாவின்ர லாண்ட்மாஸ்டர், அதுதான் இரு சக்கர உழவு இயந்திரம், ஒரு அரச வளவுக்குள்ள மழையிலயும் வெய்யிலிலயும் நிண்டது. ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் கூலிக்கு ஆள் பிடிச்சுத்தான் உழுதவர், அந்தக் காசு இண்டைக்கும் கடனா நிக்குது. இதை எழுதக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான், ஆனா போன கிழமை இன்னொரு வீட்டிலயும் இதே கதை நடந்திருக்கு, அதுதான் எழுதுறன். கேக்கிறது ஒண்டே ஒண்டு, கைப்பற்றின சாமானுக்குத் தமிழில ஒரு பட்டியல் துண்டு.

நடந்தது இதுதான். பக்கத்து வளவுப் பெடியள் ரெண்டுபேர் விறகு ஏத்தவெண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனவங்கள். பொழுதுபட வரேக்க றோட்டில மறிச்சுச் சோதிச்சிருக்கினம், விறகுக்குக் கீழ உரப்பையில மரை (பெரிய மான்) இறைச்சி, கூட ரெண்டு கம்பிச் சுருக்கு. பெடியள் செய்தது பிழை. மாமா கோட்ஸ் வாசல்ல வச்சே அவங்களுக்கு நல்லா ஏசினவர், நானும் அவங்களுக்காக ஒரு சொல்லும் கதைக்கமாட்டன். சுருக்கில மாட்டுப்பட்ட மிருகத்தைப் பாத்தவைக்குத் தெரியும், மோட்டச்சைக்கிள் கேபிள் கம்பி இழுக்க இழுக்க இறுகும், ரெண்டு மூண்டு நாள் உயிரோட கிடந்து சாகும். மரைக்குக் கட்டின கம்பியில சிறுத்தையும் மாட்டும்.

மறிச்சது எந்தத் திணைக்கள ஆக்கள் எண்டு நான் எழுதப்போறேல்ல, ஒரு ஒபிஸைப் பிடிச்சுத் திட்டிறதால ஒண்டும் ஆகாது. அடுத்தநாள் மாமாவைக் கூப்பிட்டு ஒரு தாளில கையெழுத்து வாங்கினவை, முழுக்கச் சிங்களம். என்ன எழுதியிருக்கு எண்டு கேக்க "வாகனம் பிடிச்சது எண்டுதான்" எண்டு சொல்லியிருக்கினம், மனுசன் வச்சிட்டு வந்திட்டார். கொப்பி தரேல்ல, அவரும் கேக்கேல்ல, 2009 க்குப் பிறகு முகாமில இருந்து வந்த சனத்துக்கு சீருடைக்காரரிட்டக் கேள்வி கேக்கிற பழக்கம் எங்கால.

திரும்ப எடுக்கப் போகேக்க பற்றரி இல்ல, புது ரயர் ரெண்டும் தேஞ்ச ரயராக் கிடந்தது, பெட்டிக்குள்ள இருந்த தண்ணி மோட்டரையும் காணேல்ல. நாங்கள் இருந்தது எண்டுறம், அவை இல்லை எண்டினம். எங்கட லோயர் போய்க் கோட்ஸில இருந்து அந்தத் தாளின்ர கொப்பி எடுத்துப் பாத்தா "இரு சக்கர உழவு இயந்திரம் 1, பெட்டி 1" எண்டு மட்டும்தான் கிடக்கு. எஞ்சின் நம்பர் இல்ல, பற்றரி இல்ல, ரயர் எந்த நிலையில இருந்தது எண்டு இல்ல. ஆர் எடுத்தது எண்டு நான் ஒருத்தரையும் சொல்லேல்ல, சொல்லவும் ஏலாது, அந்தத் தாள் ஒழுங்கா எழுதியிருந்தா சொல்லியிருக்கலாம்.

இப்ப ஆக்கள் "வாரண்ட் இல்லாம எப்பிடிப் பிடிக்கலாம்" எண்டு கேக்கினம். பிடிக்கலாம். 1937 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், பிறகு 1993 இலயும் 2009 இலயும் பெரிசாத் திருத்தினது, அதில வனசீவராசி அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருந்தா பிடியாணை இல்லாமக் கைது செய்யவும் சோதிக்கவும் துவக்கு, வாகனம், இறைச்சி, தோல் எண்டு கைப்பற்றவும் அதிகாரம் இருக்கு. அது இருக்கத்தான் வேணும் எண்டு நான் சொல்லுவன். இரவு காட்டுக்குள்ள வெடிச்சத்தம் கேட்டா விடிய நீதவானிட்டப் போய் வாரண்ட் எடுத்துக்கொண்டு வரேக்க இறைச்சி கறிச்சட்டிக்குள்ள இருக்கும், மிச்சம் வத்தலாப் போட்டு பார்சல் கட்டியிருப்பினம். (அந்தப் பார்சலைக் கேக்கிறது எங்கட சனம்தான். வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறவை "மரை வத்தல் எடுக்கலாமோ" எண்டு கேக்கிறதை என்ர காதால கேட்டிருக்கிறன், தயவு செய்து கேக்காதேங்கோ.)

அதால அதிகாரத்தைக் குறை எண்டு நான் கேக்கேல்ல. கைப்பற்றின இடத்திலயே, அந்த நேரத்திலயே, என்னென்ன எடுத்தது எண்டு தமிழில ஒரு பட்டியல் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சு, ஒரு கொப்பியைக் கையில குடுங்கோ எண்டுதான் கேக்கிறன். என்ர முழுக் கேள்வியும் அந்த ஒரு துண்டுதான்.

இது பெரிய கேள்வி இல்ல. 1988 இல 16 ஆம் திருத்தம் வந்ததில இருந்து வடக்கு கிழக்கில நிருவாக மொழி தமிழ். அரசியலமைப்பின்ர 13 ஆம் உறுப்புரை கைது செய்யப்படுறவருக்குக் காரணம் சொல்லவேணும் எண்டு சொல்லுது, விளங்காத பாசையில சொன்னது காரணம் சொன்னதா வருமோ? துண்டைக் கேட்டா கோவப்படுறது, "கோட்ஸில வந்து கேள்" எண்டிறது, இதெல்லாம் சட்டத்தில இல்லாதது.

இன்னொண்டையும் யோசிச்சுப் பாருங்கோ, அந்தத் துண்டு மிருகத்துக்கும்தான் காவல். இறைச்சி பழுதாப்போற சாமான், கோட்ஸில காட்டிட்டு அழிக்கத்தான் வேணும், பிறகு வழக்கில மிஞ்சிறது பேப்பர் மட்டும். பிடிச்ச இடத்தில நிறை எழுதாம, எத்தினை சுருக்கு எண்டு எழுதாம விட்டா உண்மையான வேட்டைக்காரன்ர லோயர் அதையே பிடிச்சுக்கொண்டு வழக்கை உடைப்பார். காசுள்ளவன் நல்ல லோயரைப் பிடிச்சு வெளியில வந்திடுவான், தேன் எடுக்கப்போனவனும் பாலைப்பழம் பிடுங்கப்போனவனும் முதல் நாளே குற்றம் எண்டு சொல்லித் தண்டம் கட்டிட்டு வருவான், ஏனெண்டா அவனுக்கு இன்னொரு தவணைக்கு பஸ்ஸுக்குக் காசில்ல.

வாகனம் இரவல் குடுக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. வனவளத் திணைக்களம் வேற, வனசீவராசி வேற, ரெண்டுக்கும் சட்டமும் வேற. வனவளத்துக்கு 1907 ஆம் ஆண்டின்ர காடுகள் கட்டளைச் சட்டம். அதில மரம் ஏத்தின லொறி ஒண்டின்ர வழக்கு, மனவடு எதிர் சட்டமா அதிபர், 1987 இல உயர் நீதிமன்றத்தில தீர்ந்தது, அப்ப பிரதம நீதியரசர் எங்கட சர்வானந்தா. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் சொந்தக்காரனைக் கேக்காம லொறியைப் பறிமுதல் செய்யேலாது எண்டு தீர்ப்பு. 2009 இல அந்தச் சட்டத்தைத் திருத்தேக்க, தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தனான் எண்டு காட்டுற பொறுப்பைச் சொந்தக்காரன்ர தலையில வச்சிட்டினம். மாமாவின்ர வழக்கு காடுகள் சட்டத்தில வந்தது இல்ல, எண்டாலும் அவரும் நாலு தவணை போய் நிண்டு தனக்குத் தெரியாது எண்டு சொல்லித்தான் எடுத்தவர். இப்ப அவர் ஒரு பழைய கொப்பியில ஆருக்கு, எத்தினை மணிக்கு, என்ன வேலைக்குக் குடுத்தது எண்டு எழுதி, வாங்கிறவரிட்டக் கையெழுத்தும் வாங்கிறார். ஊரில கொஞ்சப்பேருக்கு அது கோவம்.

சனத்துக்கு ஏன் நம்பிக்கை இல்ல எண்டும் சொல்லவேணும். சுண்டிக்குளம் 1938 இல இருந்து பறவைகள் சரணாலயம், சரணாலயத்துக்க சனம் தன்ர காணியில இருக்கலாம், போய் வரலாம். 2015 இல அது தேசியப் பூங்கா, அதுக்குள்ள கால் வைக்க அனுமதி வேணும். மடு வீதி தேசியப் பூங்காவும் அதே வருசம்தான். 2017 இல முல்லைத்தீவில நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கம். வர்த்தமானி வந்தது, வலைபோடுற மனுசனுக்கு ஆர் வந்து சொன்னது? நேற்று நடந்த பாதையில இண்டைக்கு நடந்தா குற்றம் எண்டிறதை அவன் பிடிபடேக்கதான் அறியிறான்.

அதிகாரிகள் பக்கமும் எனக்குத் தெரியும். 2018 யூனில கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தை வந்து ஆக்களைக் காயப்படுத்தினது, காயப்பட்டதில வனசீவராசி ஊழியரும் ஒருத்தர். பிறகு சனம் அதை அடிச்சே சாக்காட்டிப்போட்டு போட்டோவும் எடுத்தது, அந்தப் படத்தை நான் இண்டைக்கும் பாக்கேலாது. யானை வயலுக்க வந்தா கலைக்க யானைவெடி தாங்கோ எண்டு நாங்கள் போன் அடிக்கிறதும் இதே ஆக்களுக்குத்தான். கட்டுத்துவக்கு (மிருகம் தட்டினா தானா வெடிக்கிற பொறித் துவக்கு) ஒளிச்சுக்கிடக்கிற காட்டுக்குள்ள இரவில நடக்கிறது லேசான உத்தியோகம் இல்ல.

மறிச்சா ஓடாதேங்கோ, தள்ளுமுள்ளு வேண்டாம், கடமைக்கு இடைஞ்சல் எண்டு இன்னொரு வழக்கு வரும். பேரையும் பதவியையும் மரியாதையாக் கேளுங்கோ. பொம்பிளையளைச் சோதிக்கிறது பொம்பிளைதான், அதில விட்டுக்குடுக்காதேங்கோ. விளங்காத தாளில கையெழுத்து வைக்கவேண்டி வந்தா "எனக்கு வாசிக்கத் தெரியாது" எண்டு தமிழில கையெழுத்துக்கு மேல எழுதுங்கோ. அநியாயம் நடந்தா ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர வவுனியா ஒபிஸில முறைப்பாடு குடுங்கோ, அடிப்படை உரிமை வழக்குக்கும் அதே ஒரு மாசம்தான், ஆனா ஆணைக்குழுவில நேரத்துக்குக் குடுத்தா அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசத்துக்க எண்ணப்படாது. மாமாவுக்கு இதைச் சொல்ல அப்ப ஒருத்தரும் இருக்கேல்ல.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில இந்தத் துண்டு விசயத்தை எழுத்தில குடுக்கப்போறன். உங்களிட்ட வன்னியில எங்கயாவது தமிழில எழுதித் தந்த கைப்பற்றல் பட்டியல் இருந்தா, பேர் விலாசத்தை மறைச்சு, போட்டோ எடுத்து இன்பொக்ஸில போடுங்கோ. சிங்களத்தில மட்டும் தந்தது இருந்தாலும் போடுங்கோ. ஒண்டுமே தராதவை எந்தத் திகதி, என்ன சாமான் எண்டு எழுதி அனுப்புங்கோ, நான் இருந்து கொப்பியில ஏத்துறன்.