மகள்களைப் பற்றியும் எழுதுங்கள்

பிரெஞ்சுப் பிரபு ஏழாம் ஆங்கெரான் தெ கூசியைப் பற்றிய உங்கள் கட்டுரையில், சிலுவைப்படை ஒட்டோமான் துருக்கியரிடம் தோற்ற நிக்கோபோலிஸ் போரோடு மட்டும் அவரைச் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு அவருடைய குடும்பக் கதைதான் மனசை விட்டுப் போகவில்லை. பிரெஞ்சு அரசருக்காகப் பிணைக்கைதியாக 1360ல் இங்கிலாந்து போனவர், 1365ல் அந்நாட்டு அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவையே மணந்தார். இரண்டு நாடுகளும் மறுபடி மோதியபோது அந்த வீடு என்ன பாடுபட்டிருக்கும்! 1377ல் மாமனார் இறந்ததும் இங்கிலாந்து தந்த கௌரவங்களைத் துறந்து பிரான்ஸ் பக்கமே நின்றுவிட்டார். மகள்களில் மூத்தவள் மரி பிரான்ஸில், இளையவள் பிலிப்பா இங்கிலாந்தில்.

பிலிப்பாவை நினைத்தால்தான் வருத்தம். கணவர் ராபர்ட் தெ வேர் என்ற ஆங்கிலேயப் பிரபு, இங்கிலாந்து ராணியின் பணிப்பெண் ஒருத்திக்காக அவளைத் தள்ளிவைத்தார். அவரைப் பெற்ற தாயே மருமகள் பக்கம் நின்றார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம், 1396ல் நிக்கோபோலிஸில் பிடிபட்ட கூசி, மறுவருடம் பிப்ரவரியில் துருக்கியின் புர்சா நகரில் கைதியாகவே இறந்தார். முறைப்படியான ஆண் வாரிசு இல்லை. 1400ல் மரி, கூசி நிலங்களை ஓர்லேயான் கோமகன் லூயிக்கு விற்க வேண்டியதாயிற்று. ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்ற கூசி கோட்டையின் கோபுரத்தை 1917ல் ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது.