ஹேக்கர் தொடாமலே நடந்தது

பயணியின் இருக்கை முன் உள்ள வீடியோ திரை வழியாக ஹேக்கர் விமானத்தையே கைப்பற்றலாம் என்கிறது உங்கள் கட்டுரை. இந்தப் பயம் பழையது. பயணிகளின் நெட்வொர்க் வழியே பறப்புக் கணினிகளுக்குப் பாதிப்பு வரக்கூடாது என்று போயிங் 787-க்கு 2008-லேயே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்கு அமைப்பான எஃப்ஏஏ தனி நிபந்தனை போட்டுவிட்டது.

என் கவலை வேறு. அதே ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டாஸ் ஏர்பஸ் ஏ330-ஐ எந்த ஹேக்கரும் தொடவில்லை. கணினிக்குப் பறப்புத் தரவு தரும் மூன்று கருவிகளில் ஒன்று, காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தைத் தப்பாகச் சொன்னது. திடீரென எகிறும் மதிப்பு வந்தால் 1.2 விநாடிக்குப் பழைய மதிப்பையே பிடித்துக்கொள்ள மென்பொருளில் ஏற்பாடு உண்டு. சரியாக அந்த நேரம் முடிகையில் அடுத்த தப்பான மதிப்பு வந்தது! கணினி அதை நம்பி, மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்ததாக எண்ணி, விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது, அதுவும் இருமுறை. 100 பேருக்கு மேல் காயம். இதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.